பெல்சியின் இடத்தில் அம்மிக்கல்

டென்னிசன் எட்டி, பவர் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், அழுத்தாமல் எடுத்துக்கொண்டான். இப்போது போட்டால் சீக்கிரம். பொறுத்துப் போட்டால் தாமதமாகிவிடலாம். சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில், மனைவி பெல்சி உட்காரும் இடத்தில், அந்தப் பெரிய கறுப்பு லேப்டாப் திறந்து வைத்தபடி திரை இருண்டு கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மட்டும் எரிந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். அணைத்து வைத்திருக்கும் வரைக்கும்தான் ஏறும். போட்ட நிமிடத்திலிருந்து, வயர் சொருகியிருந்தாலும், இறங்கும். காலையில் கோயிலுக்குப் போவதற்கு முன்பே அதை அணைத்து, சார்ஜரைச் சொருகிவிட்டுப் போயிருந்தான். பிரசங்கம் நடக்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த விளக்குத்தான் ஞாபகம். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. அப்புறம்தான் மீனைக் கழுவினான், மரச்சீனிக் கிழங்கை வேகவைத்தான், தேங்காய் அரைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு, அயர்லாந்தில் ஆஸ்பத்திரி ராத்திரி வேலை முடித்து அறைக்கு வரும் அவளுக்குக் காலைச் சாப்பாடு. இருவருக்கும் ஒரே வீடியோ இணைப்பு, இணையத்தில் ஒரே அறை. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். அதில் மணி அடிக்காது. வந்து பார்த்து ஆள் இல்லையென்றால் எவ்வளவு நேரம் இருப்பாள்? மற்ற ஞாயிறுகளில் என்றால் இருப்பாள். இன்றைக்கு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி என்று படுத்துவிட்டால்? கை மறுபடி பொத்தான் பக்கம் போயிற்று. வெளியே மழை விட்டு, கொய்யா மரத்திலிருந்து தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் தட்டு கவிழ்த்து வைத்த மீன்கறி ஆறிக்கொண்டிருந்தது. அது ஆறும் வேகத்தில்தான் அந்தப் பக்கம் சார்ஜ் ஏறுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டையும் நிறுத்திப் பார்க்க வழியில்லை.

அதற்கு அம்மிக்கல் என்று பேர் வைத்தவளே பெல்சிதான். கூரியர்காரன் கொண்டுவந்த அன்றைக்கு, இவன் குளித்துக்கொண்டிருந்ததால் அவளே வாங்கி உள்ளே தூக்கி வந்து, மேசையில் வைத்துவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டி, “அத்தான், லேப்டாப்னு சொல்லி அம்மிக்கல்ல அனுப்பிருக்கான், திருப்பிக் குடுத்துரட்டா?” என்றாள். இது லேப்டாப் இல்லை, ஒர்க்ஸ்டேஷன் என்று அவன் ஈரத் தலையோடு விளக்கினான். சாதாரண லேப்டாப்பில் ஒரு கட்டடத்தின் இரும்பு முழுவதையும், ஒவ்வொரு போல்ட்டும் தெரிய, சுற்றிச் சுற்றிப் பார்க்க முடியாது, மூச்சுத் திணறிவிடும் என்றான். “இது மட்டும் திணறாதாக்கும்?” என்று கேட்டவள், சாயந்திரம் மூடியின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவன் பெரிய கட்டட மாடல் ஒன்றைத் திறந்திருந்தான். விசிறி வேகம் பிடித்து இரைந்தது. “மூச்சு வாங்குது, அட்மிட் பண்ணணும்,” என்றாள். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, அவள் இங்கே இருந்தவரைக்கும், அதைக் கவிழ்த்துப் போட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் காற்றுத் துவாரங்களைத் துடைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எழுத்துகளுக்கு இடையில் ஓட்டி, “ஸ்பாஞ்ச் பாத் குடுத்தாச்சு, உங்க இளைய தாரத்துக்கு,” என்று திருப்பிக் கொடுப்பாள். அந்த ஸ்பிரிட் வாசனை இரண்டு நாள் இருக்கும். வேலை செய்யும்போது சூடேறச் சூடேற அது எழும்பி வரும். இப்போது சூடேறினால் புழுதி கருகுகிற வாசனைதான். அவள் போனபிறகு அவன் அதைக் கவிழ்த்துப் போட்டதே இல்லை. ஏன் போடவில்லை? பிரஷ் இருக்கிறது, ஸ்பிரிட் பாட்டில் பாதி இருக்கிறது, அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபோது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தள்ளுவண்டி கோணலாக ஓட அதை நேராக்கக் குனிந்தாள். நிமிர்வதற்குள் வேறு ஆட்கள் மறைத்துவிட்டார்கள். திரும்பி வந்து அன்றைக்குச் சாயந்திரமே அவன் ஒரு மாடலைத் திறந்தான், வேலை இருந்ததால் அல்ல. விசிறி இரைய வேண்டும், வீட்டில் ஏதாவது ஒன்று மூச்சு விட வேண்டும், அதற்காக. யாருக்கோ எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தின் இரும்புப் படிக்கட்டு. அவன் வரைந்த படிகள் எல்லாம் அவன் போகாத ஊர்களில் இருந்தன. அவனுக்குக் கால் வைக்கத் தெரிந்த படி என்று பார்த்தால், இந்த வீட்டு வாசலில் இருப்பதும் கோயிலில் இருப்பதும்தான்.

அடாப்டர் போய் மூன்று வாரமாகிறது. செங்கல் மாதிரி கனத்த அடாப்டர், ஒருநாள் லேசாக முனகிவிட்டு அடங்கிவிட்டது. புதிதுக்குச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் ராஜாமணி ஒவ்வொரு முறையும், “நாளைக்கு வந்துரும் சார், கொச்சில ஏறிட்டு,” என்கிறார். கொச்சியில் ஏறியது எங்கே இறங்கியது என்று தெரியவில்லை. பெல்சி விட்டுப்போன பொருட்களில் அவளுடைய பழைய சின்ன லேப்டாப்பின் சார்ஜர் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். அம்மிக்கல்லில் சொருகிப் பார்த்தான், பொருந்தியது. திறக்கும்போது திரையில், இந்தச் சார்ஜர் இதற்குப் போதாது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. தினமும் வந்தது. எரிச்சல்பட்டு, இனிமேல் காட்டாதே என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டான். அதோடு அது வாயை மூடிக்கொண்டது. மூலையில் வயர் சொருகிய படம் தெரிந்ததால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தான். போன ஞாயிறு, வேலை நிறைய இருந்ததால் மாடலை மூடாமலே, அதைப் பின்னால் ஓடவிட்டபடியே, அவளுடைய இடத்தில் கொண்டுவந்து வைத்தான். குழம்பைப் பற்றிப் பேசினார்கள். மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “அத்தான், ஒரு வீடு பாத்திருக்கேன்,” என்றாள். “ரெண்டு பேருக்கு. நாளைக்குள்ள சொல்லணுமாம். எடுக்கட்டா, வேண்டாமா?” அவன் தட்டைப் பார்த்தான். ஏன் பார்த்தான்? முள் ஒன்று விரலில் இருந்தது, அதை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து சொல்லலாம் என்று பார்த்தானா, அல்லது நிமிராமல் இருக்க ஒரு முள் கிடைத்ததென்று பார்த்தானா? நிமிர்ந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அதில் அவன் முகம்தான் தெரிந்தது. எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். ஒன்றுமில்லை. எடு என்று சொல்லியிருப்பேன் என்று இந்த ஒரு வாரமாகச் சொல்லிக்கொள்கிறான். நிச்சயமாகச் சொல்லியிருப்பான். ஆனால் சொல்லவில்லை, சொல்வதற்கு முன்னால் இருட்டிவிட்டது. சொல்லாத ஒன்றை நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்று ஒருவன் எதை வைத்துச் சொல்ல முடியும்? அந்த ஒரு நொடி அவன் வாய் திறந்ததா? முள் நினைவிருக்கிறது, அது வளைந்திருந்தது கூட நினைவிருக்கிறது. வாய் நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் போனில் அவளிடமிருந்து செய்தி வந்தது. “மறுபடியும் மூடியாச்சு. சரி.” அவ்வளவுதான். மூடவில்லை, சார்ஜ் போயிற்று என்று உடனே எழுதினான். அனுப்புவதற்குள் விரல் நின்றுவிட்டது. அதே வார்த்தைகள். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு இதே மேசையில் அவள், “அங்க உக்காந்து யாருக்கோ படி வரையதுக்கு, இங்க வந்து வரையப்பிடாதா? அம்மிக்கல் எங்க வச்சாலும் அரைக்கும்லா?” என்றபோது, அவன் எழுந்து, எட்டி, மூடியைப் பிடித்து மூடினான். பத்து நிமிடம் கழித்துப் போனில் எழுதினான், சார்ஜ் போயிற்று என்று. அவளும், “சரி, சார்ஜ் போட்டு வைங்க,” என்று எழுதினாள். நம்பிவிட்டாள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தான். இப்போது ஒரே ஒரு சொல், மறுபடியும், எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. அவனுக்கு வரைபடப் புத்தி. யோசிக்க ஆரம்பித்தால் கோணங்களாகத்தான் வரும். மூடி சாயும்போது அதில் இருக்கிற காமிராவும் சாயும். முதலில் சுவரில் இருக்கிற காலண்டர் போயிருக்கும், அப்புறம் அவனுடைய முகம், சட்டைப் பொத்தான்கள், தட்டு, தட்டில் ஒதுக்கிய கறிவேப்பிலை, கடைசியாக, இருட்டுவதற்கு முன், எழுத்துப் பலகை. அவள் இத்தனையையும் வரிசையாகப் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டுச் சார்ஜ் போட்டு வைங்க என்று எழுதியிருக்கிறாள். நர்சுகள் அப்படித்தான். வலியில்லை என்று சொல்கிறவனிடம் சரி என்பார்கள், பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் படம் நடுவில் உறைந்து நின்றிருந்தால்? இந்த இணைப்பில் அடிக்கடி உறையும். உறைந்திருந்தால் சாய்வது தெரிந்திருக்காது, ஆள் மறைந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்படியானால் போன ஞாயிறும் அதேபோலத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். உண்மையும் பொய்யும் அந்தப் பக்கத்தில் ஒரே மாதிரி கறுப்பு. இருந்த ஒரே உண்மையான காரணத்தை முன்கூட்டியே பொய்க்குச் செலவழித்துவிட்டான். புதன்கிழமை போனில் கூப்பிட்டான். எடுத்தாள். மழை எப்படி, மோட்டார் சரியாயிற்றா, அங்கே குளிரா என்று பேசினார்கள். வீட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வைக்கிறபோது, “உடம்பப் பாத்துக்கிடுங்க,” என்றாள், வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரிடம் சொல்வதைப்போல.

“எலேய் டென்னிசா, தனியா யாருகிட்டலே பேசுதே?” என்று ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு ரோசம்மா அத்தை, முருங்கைக்கீரைக் கொத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். பெல்சியிடம் சொல்ல வேண்டியதை அவன் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. “யாருட்டயும் இல்ல அத்தே.” “பெல்சி வந்தாச்சா டப்பால?” “இன்னும் இல்ல.” “வந்தா கேட்டதா சொல்லு. நீயும் மீன்கறிய ஆறப்போட்டுட்டுச் சும்மா இருக்காதே, தின்னு.” கீரையை ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டுப் போனாள். இந்தத் தெருவில் அவன் வாய்விட்டுப் பேசினால் கேட்பதற்கு ஒரு ஆள் உண்டு. அங்கே? அங்கே அவள் வேலைக்குப் போய்விடுவாள். ராத்திரி வேலை என்றால் பகலில் தூங்குவாள். அவன் ஒரு ஜன்னல் பக்கத்தில் இதே அம்மிக்கல்லின் முன் உட்கார்ந்திருப்பான், வெளியே எந்த முகமும் தெரிந்த முகமாக இருக்காது. பெல்சியின் வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? வீட்டில் இருக்கிறார். அதைத்தான் அவன் பயந்தான். அதைச் சொல்லாமல், சாப்ட்வேருக்கு உரிமம் இங்கேதான் செல்லும் என்றான், கம்பெனி சம்மதிக்காது என்றான், விமானத்தில் இதன் எடையே பாதிச் சாமானாகிவிடும் என்றான். ஆனால் இங்கே மட்டும் என்ன செய்கிறான்? இங்கேயும் ஒரு ஜன்னல், ஒரு மேசை. எதிரில், மனிதர் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு மிஷினை வைத்து அதற்கு எதிரே சோறு போட்டுக்கொள்கிறான். இரண்டு இடத்திலும் தனிமை ஒரே அளவு என்றால், அங்கே ராத்திரி வேலை முடித்து யாரோ கதவைத் திறந்து வருவார்களே, அந்த ஒன்று கூடுதல் இல்லையா? இதை எப்படி இவ்வளவு நாள் கணக்கில் எடுக்காமல் விட்டான்? யோசித்தபடியே எட்டி, பொத்தானை அழுத்தியிருந்தான். போட்டாயிற்று. இனி அணைத்தால் மறுபடி திறக்கிற செலவு வேறு. இருக்கட்டும்.

விசிறி ஒருமுறை இரைந்து தணிந்தது. முக்கால்வாசி ஏறியிருந்தது. அந்த பேட்டரிக்கு இப்போதெல்லாம் முக்கால்வாசி என்றால் பெயருக்குத்தான். வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி. மாடல் எதையும் திறக்கவில்லை, வெளிச்சத்தைக் குறைத்தான், இணைப்பைத் திறந்தான். அறையில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள் என்று திரை சொன்னது. அதன் கீழே அவனுடைய முகம், ஒரு பெரிய கட்டத்தில், தனியாக. தலை வாராததைப் பார்த்தான். கையாலேயே தடவிவிட்டுக்கொண்டான். கறித் தட்டை நிமிர்த்தினான், பிறகு அவள் வராமல் எடுத்துவைக்கக் கூடாது என்று மறுபடி கவிழ்த்தான். மூலையில் எண் குறைந்தது. பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தான், கீரையைப் பார்த்தான், திரும்பியபோது இன்னும் குறைந்திருந்தது. போனில் வந்துவிடலாமா? போனில் வந்தால் முகம் மட்டும்தான் தெரியும், மேசை தெரியாது, தட்டு தெரியாது. போனோடு வந்தவனைப் பார்த்து அவள் என்ன நினைப்பாள்? எழுந்து போகத் தயாராக வந்திருக்கிறான் என்று நினைப்பாள். அல்லது ஒன்றும் நினைக்கமாட்டாள். ஒன்றும் நினைக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வீடு எடுத்திருப்பாளோ? எடுத்து, இரண்டு பேருக்கான வீட்டில் ஒருத்தியாக இருக்கிறாளோ? பாதிக்குக் கீழே போயிற்று. வேலை நீண்டிருக்கும். யாருக்காவது மூச்சுத் திணறியிருக்கும். அல்லது பஸ் வந்திருக்காது. அல்லது வந்து, குளித்து, படுத்து, போர்வையை இழுத்து மூடியிருப்பாள். மூடியிருப்பாள். விசிறி இப்போது தணிவதே இல்லை, ஒரு ஓரத்தில் இரைந்துகொண்டே இருக்கிறது. துடைத்து வைத்திருந்தால் இவ்வளவு இரைந்திருக்காது, இவ்வளவு தின்றிருக்காது. பிரஷ் அலமாரியில் இருக்கிறது. கால்வாசி. நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். ஒரு கட்டத்தில் அவனுக்கு அந்த வாக்கியம் ஒரு தகவலாகத் தெரியவில்லை. யாரோ மெதுவாக, கோபமில்லாமல், அவனைப் பற்றி மருத்துவக் குறிப்பு எழுதுவதைப்போலத் தெரிந்தது.

“கேக்குதா?” என்றது மிஷின்.

அவனுடைய கட்டம் சுருங்கி ஓரத்துக்குப் போயிருந்தது. திரை முழுக்கப் பெல்சி. முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே மாஸ்க்கின் தடம் இன்னும் போகவில்லை.

“கேக்குது.”

“பஸ்ஸு வரல்ல. நடந்து வந்தேன். நீங்க சாப்பிட்டியளா?”

“இல்ல. நீ வரட்டும்னு.”

“என்ன கறி?”

“அயலை. மரச்சீனி.”

“இங்க ரொட்டி,” என்று ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். “சும்மா கெடக்க ரொட்டி.”

அவன் தட்டை நிமிர்த்திக் கறியை எடுத்து ஊற்றிக்கொண்டான். அவள் ரொட்டியைப் பிய்த்தாள். இரண்டு பேரும் ஒரு வாய் சாப்பிட்டார்கள். மூலையில் எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்து, சிவப்பாகிவிட்டது. இப்போது சொல்ல வேண்டும். எதை முதலில்? வீட்டையா, மூடியையா? வீட்டைச் சொன்னால் நடுவில் இருட்டிவிடும், இருட்டினால் மறுபடி மூடிவிட்டான் என்றாகிவிடும். மூடியைச் சொன்னால் வீட்டுக்கு நேரம் இருக்காது. அவள் ஏதோ கேட்டாள், வாய் அசைந்தது, சத்தம் அறுந்து அறுந்து வந்தது. விசிறி திடீரென்று நின்றுபோனது. அந்த அமைதியை அவனுக்குத் தெரியும், போன வாரம் இதற்கு அடுத்ததுதான் கறுப்பு. அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். தோளுக்கு மேலே, நன்றாகத் தெரியும்படி, விரல்களை விரித்து, மூடியிலிருந்தும் மேசையிலிருந்தும் எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்துக்கொண்டான். வலது கையிலிருந்து குழம்பு மணிக்கட்டு வழியாக இறங்கியது.

“என்ன, போலீஸ் வந்தாச்சா?” என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

திரை கறுத்தது. கறுப்பில் ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டென்னிசன் கையை இறக்கவில்லை. இறக்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதைப்போல அப்படியே இருந்தான். தகரத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் இருந்த போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அது அடித்ததே கிடையாது. அவன் இடது கையை மட்டும் இறக்கி அதை எடுத்தான்.

“இங்க இன்னும் கையத் தூக்கிட்டே நிக்கிய,” என்றாள் பெல்சி. “படம் அப்படியே ஒறஞ்சு போச்சு.”

“சார்ஜ் போயிட்டு.”

“ம்.”

“அடாப்டர் போயிட்டு. உனக்க பழைய சார்ஜரக் குத்தி வச்சிருக்கேன். அது போதல்ல. போன வாரமும் அதான்.”

 அவள் மென்று விழுங்குவது கேட்டது.

“போன வாரம் ஒறஞ்சது எப்பிடி தெரியுமா?” என்றாள். “குனிஞ்சு தட்டப் பாத்துட்டே இருந்திய. நான் கேட்டுட்டு இருக்கேன், நீங்க பாத்துட்டே இருக்கிய. பொறவு போயிட்டிய.”

“முள்ளு எடுத்தேன்.”

“எனக்குத் தெரியுமா?” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அதுக்கு முந்தினது? ஈஸ்டர் சமயத்துல?”

டென்னிசன் எதிரே இருந்த கறுப்புத் திரையைப் பார்த்தான்.

“அது நான்.”

“ம்,” என்றாள். இந்த முறை அதில் பாரம் குறைவாக இருந்ததா, அப்படிக் கேட்க வேண்டும் என்று இருந்ததால் கேட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அந்த வீட்ல மேசை உண்டா?” என்றான்.

அந்தப் பக்கம் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“இருந்துது,” என்றாள். “ஜன்னலுக்குப் பக்கத்துல. அது திங்கக்கிழமையே போயிட்டு, அத்தான். வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அங்க இப்ப வேற ஆளு.”

அவன் தலையை ஆட்டினான். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. திங்கட்கிழமை காலையில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்தான். ராஜாமணி கடைக்கு நடந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில், அவனுக்குத் தெரியாமல், ஒரு ஜன்னலும் ஒரு மேசையும் அவனை விட்டுப் போயிருக்கின்றன.

“வேற பாரு,” என்றான்.

“கெடைக்கது கஷ்டம். மாசக்கணக்காகும்.”

“பாரு. மேசை இருக்குத வீடா பாரு.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. ரொட்டியின் காகிதம் கசங்குகிற சத்தம் வந்தது. தூக்கம் கலந்த மூச்சு வந்தது. அவன் எழுந்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டே, மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். அவளுடைய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இங்கிருந்து பார்த்தால் அவனுடைய தட்டு தெரிந்தது, பாதி தின்ற அயலை தெரிந்தது, பின்னால் காலண்டரும் ஜன்னல் கம்பியில் கீரையும் தெரிந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அவள் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். மிஷினின் அடிப்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அவன் மூடியை இடது கையால் பிடித்து மெதுவாக இறக்கினான். கடைசியில் டப்பென்று படிந்தது.

“என்ன சத்தம்?” என்றாள் பெல்சி.

“மூடினேன்,” என்றான் டென்னிசன். “இப்பத்தான்.”